கருஞ்சிறுத்தைத் தோலும் கிராஸ் கட்டிங் கவுனும்

சூப்பர் ஹீரோ என்றால் உடுப்பு மாற்றத் துடிப்பவர் என்றே நமக்குப் பழக்கம். எங்கோ ஓர் அலறல் கேட்கும். அடுத்த கட்டத்தில் கோட்டு சூட்டெல்லாம் பறந்து, மனிதர் மார்பில் எழுத்தோடு வானத்தில் இருப்பார். மார்லா டிரேக்கைப் பாருங்கள். நியூயார்க்கின் பெரிய பணக்காரி. வீட்டில் கருஞ்சிறுத்தைத் தோலில் செய்த உடுப்பு ஒன்று இருக்கிறது. உச்சி முதல் உள்ளங்கால் வரை மூடும். காது உண்டு, வால் உண்டு, கூரிய நகம்கூட உண்டு. ஆனால் அம்மணிக்கு அதைப் போட்டுக்கொள்ள மனசே வராது. போட்டால் நன்மை வரும், வம்பும் கூடவே வரும். பத்து வருஷம் ஓடிய கதையில் அவள் சிறுத்தையாக வரும் வாரங்கள் சொற்பம். அழகான கவுனில், ஸ்லிப்பில், குளியல் தொட்டியில், தொப்பியும் கையுறையுமாக வரும் வாரங்கள்தான் எக்கச்சக்கம். அப்படியும் அவள் சூப்பர் ஹீரோதான். பெயர் மிஸ் ப்யூரி.

எனக்கு இந்தத் தொடர்மேல் பைத்தியம். நிதானமாக, நடுநிலையாக ஒரு கட்டுரை வேண்டுமென்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

எழுதியதும் வரைந்ததும் டார்பே மில்ஸ் என்ற ஒரே ஆள். பெண். 1941 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை, பெல் சிண்டிகேட் மூலமாக அமெரிக்கச் செய்தித்தாள்களின் வண்ண காமிக்ஸ் பக்கங்களில் முதல் வாரம் வெளிவந்தது. அப்போது பெயர் ‘பிளாக் ப்யூரி’. பிறகு ‘மிஸ் ப்யூரி’ ஆனது. வொண்டர் வுமன் கடைக்கு வந்ததே அந்த வருஷத்தின் பிற்பகுதியில்தான். அவளைக் கற்பனை செய்தவர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன், வரைந்தவர் எச். ஜி. பீட்டர். இரண்டு பேரும் ஆண்கள். முகமூடி போட்ட நாயகிகள் 1940லேயே ஓரிருவர் தலைகாட்டியிருக்கிறார்கள் என்பதால் ‘முதல்’ பட்டத்துக்கு ரசிகர்கள் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும். ஒரு பெண்ணே யோசித்து, ஒரு பெண்ணே மையிட்டு வெளிவந்த முதல் சூப்பர் நாயகி இவள்தான், அதில் தகராறு இல்லை. நம்மூர் காமிக்ஸ் வாசகர்களுக்கு வீராங்கனை என்றால் லயன் காமிக்ஸ் கொண்டுவந்து சேர்த்த மாடஸ்டி பிளைஸிதான். எனக்கும் மாடஸ்டி உயிர். ஆனால் அவள் பிறந்தது 1963ல், அவளைப் படைத்தவர்களும் ஆண்கள். மார்லா அவளுக்கு இருபத்திரண்டு வருஷம் மூத்தவள்.

கதை ஆரம்பிக்கிற விதம் ஒன்று போதும் நான் ஆயுள் சந்தா கட்டுவதற்கு. பேட்மேனுக்குப் பெற்றோர் கொலையானார்கள். சூப்பர்மேனுக்கு ஒரு கிரகமே வெடித்துப் போனது. மார்லாவுக்கு என்ன ஆயிற்று? மாறுவேட விருந்துக்குப் போவதற்கென்று அவள் எடுத்துவைத்திருந்த அதே வேஷத்தில் இன்னொருத்தி வருகிறாளாம்! அவ்வளவுதான். அதைவிடப் பெரிய பேரிடர் ஏது? கோபத்தில் குமுறும் எஜமானிக்குப் பணிப்பெண் பிரான்சின் ஒரு யோசனை சொல்கிறாள்: மாமா ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து உயிலில் எழுதிவைத்த சிறுத்தைத் தோல் சும்மாத்தானே கிடக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு போங்களேன். போகிற வழியில் ஒரு குற்றவாளி விவகாரத்தில் மாட்டிக்கொள்கிறாள். பழிவாங்கும் சபதமில்லை, உலகத்தைக் காக்கும் லட்சியமில்லை. விருந்துக்குக் கிளம்பியவள் வீராங்கனையாகிவிட்டாள்! இந்த ஆரம்பத்தை ஓர் ஆண் எழுதியிருந்தால் நமக்கு எரிச்சல் வந்திருக்கும். மில்ஸ் எழுதும்போது சிரிப்பு வருகிறது, காரணம் அவர் மார்லாவைக் கேலி செய்யவில்லை. ஒரே மாதிரி உடையில் இருவர் ஒரு விருந்தில் நிற்பது எவ்வளவு பெரிய அவஸ்தை என்று அவருக்கு நிஜமாகவே தெரியும்.

மில்ஸ் துணியை அறிந்தவர். பிராட் இன்ஸ்டிட்யூட்டில் கலை படித்தபோது கட்டணத்துக்காக மாடலிங் செய்தவர். ஆடையை வெளியிலிருந்து பார்த்து வரைகிற கைக்கும் அதற்குள் நின்று அனுபவித்த கைக்கும் உள்ள வித்தியாசத்தை அவருடைய எந்தப் பக்கத்திலும் பார்க்கலாம். அந்தக் காலத்து ஆண் ஓவியர்கள் பலர் வரைந்த நாயகிகளைக் கவனியுங்கள்: உடம்பின்மேல் ஒரு நிறத்தைப் பூசியதுபோல இருக்கும், தையல் எங்கே, பொத்தான் எங்கே, எப்படி உள்ளே நுழைந்தாள் என்பதெல்லாம் கடவுளுக்கே வெளிச்சம். மில்ஸின் கவுனுக்குத் தையல் இருக்கும். தோளில் எங்கே சுருக்கம் வைத்திருக்கிறது, இடுப்பில் எங்கே பிடித்திருக்கிறது என்று தெரியும். உட்கார்ந்தால் துணி ஒரு விதமாக மடியும், ஓடினால் வேறு விதமாக.

இதை நான் சொன்னால் ரசிகையின் மிகை என்பீர்கள். அதனால் ஒரு நிபுணரிடம் காட்டினேன். என் சித்தி ரொம்ப வருஷமாகத் தையல் மெஷினும் கையுமாக வாழ்கிறவர். காமிக்ஸ் என்றால் குழந்தைகள் சமாச்சாரம் என்பது அவர் கட்சி. புத்தகத்தை மெஷின்மேல் விரித்துவைத்ததும் முதலில் கண்ணாடியைத் தேடினார். அப்புறம் விரலால் ஒரு கவுனின் ஓரத்தைத் தடவிக்கொண்டே, “ஏண்டி, இது கிராஸ் கட்டிங். நேர்த்துணியில வெட்டினா இப்படி விழாது. பாரு, இடுப்புக்குக் கீழ எப்படிக் கொழகொழன்னு எறங்குது” என்றார். அடுத்த பக்கத்தில் ஒரு கோட்டின் கையைக் காட்டி, தோளுக்கு உள்ளே பேட் வைத்திருக்கிறார்கள் என்றார். கதையில் அந்த நேரம் ஒரு நாஜி உளவாளி துப்பாக்கி நீட்டிக்கொண்டிருந்தான்; சித்தி அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. 1940களின் நியூயார்க் நாகரிகத்தை ஒரு தமிழ்நாட்டுத் தையற்காரர் வெறும் கோட்டோவியத்திலிருந்து வெட்டுத்துணிவரை பிரித்துச் சொல்ல முடிந்ததென்றால், வரைந்த கை எப்பேர்ப்பட்ட கையாக இருக்க வேண்டும்!

இந்த அறிவை மில்ஸ் விளையாட்டுக்கும் பயன்படுத்தினார். காகிதப் பொம்மைகள்! உள்ளாடையில் நிற்கும் மார்லாவை ஓரமாக வெட்டியெடுக்கலாம். பக்கத்திலேயே கவுன், கோட்டு எல்லாம் மடிப்புக் காதுகளோடு அச்சாகியிருக்கும். தோளில் மடித்து மாட்டினால் உடை மாறிவிடும். தம்பி சண்டைக் காட்சியைப் படித்து முடிக்கக் காத்திருந்து அக்கா கத்திரிக்கோலோடு பாய்ந்திருப்பாள் என்று கற்பனை செய்துகொள்கிறேன். அன்றைய அதிரடித் தொடர்களில் இரண்டு பேருக்கும் ஒரே தொடரில் இடம் வைத்தவர்கள் எத்தனை பேர்?

இப்போது எரிகாவுக்கு வருகிறேன். இவளுக்காகவே தனிக் கட்டுரை எழுதலாம். பாரனஸ் எரிகா வான் காம்ப். பிளாட்டினப் பொன்னிறக் கூந்தல், நாஜி உளவாளி, பொய்க்காரி, ஆண்களைக் கறிவேப்பிலையாகத் தூக்கி எறிகிறவள். நெற்றியில் சூட்டுக்கோலால் இட்ட நாஜி ஸ்வஸ்திகா தழும்பு. அதை மறைக்க முன்முடியை வெட்டி நெற்றியில் படியவிட்டிருக்கிறாள். பாருங்கள், இங்கேயும் மில்ஸ்தான்! வில்லிக்குத் தழும்பு யார் வேண்டுமானாலும் தருவார்கள். அந்தத் தழும்பை ஒரு பெண் தினமும் கண்ணாடி முன்னால் நின்று எப்படிச் சமாளிப்பாள் என்று யோசித்து அதிலிருந்து அவளுடைய தலையலங்காரத்தை உண்டாக்குவது வேறு ரகம். மார்லாவின் வருங்காலக் கணவன் கேரி ஹேலைத் தட்டிக்கொண்டு போய்க் கல்யாணமும் செய்துகொள்கிறாள் இந்த எரிகா. கேரி ஒரு வெறும் ஆள். நல்லவன், அழகன், முடிவெடுக்கத் தெரியாதவன். அவனை மார்லா இழந்ததில் எனக்கு ஒரு சொட்டு வருத்தமும் கிடையாது.

எரிகா வரும் வாரங்களில் பக்கம் பற்றி எரியும். இரண்டு பெண்களும் மோதும்போது ஆண்கள் கதவருகே கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். அவளுக்குத் துணையாக, சில சமயம் எதிராக, ஒற்றைக் கை ஜெனரல் புரூனோ. கதை பிரேசிலுக்குப் போகும், அங்கே காடு, ரகசியக் கூடாரம், அல்பினோ ஜோ என்ற வெளிறிய நிறத்து வனவாசி. பிறகு டைமன் சராப் என்ற பைத்தியக்கார விஞ்ஞானியின் பிடியிலிருந்து ஒரு சின்னப் பையனை மார்லா காப்பாற்றுகிறாள். டாரன் என்று பெயர். அவனைத் தத்தெடுத்துக்கொள்கிறாள். அவன் எரிகாவுக்கும் கேரிக்கும் பிறந்த பிள்ளை என்பது அவளுக்குத் தெரியாது. வாசகருக்குத் தெரியும்! வாரத்துக்கு ஒரே ஒரு பக்கம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற தொடர். இப்படி ஒரு ரகசியத்தை வாசகர் கையில் கொடுத்துவிட்டு ஏழு நாள் அனுப்பிவைத்தால் அடுத்த ஞாயிறு பேப்பர்காரனுக்கு முன்னாலேயே வாசலில் நிற்க மாட்டார்களா?

கல்யாணமாகாத பெண் ஒருத்தி தனியாகக் குழந்தை வளர்க்கிறாள், அதை யாரும் கதைக்குள் பெரிய பிரசங்கமாக்கவில்லை. 1940கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வெள்ளைப் பூனையைச் சொல்லாமல் விட்டால் மில்ஸ் என்னை மன்னிக்க மாட்டார். மில்ஸ் வளர்த்த பாரசீகப் பூனை பெர்ரி-பர். அதை அப்படியே தூக்கி மார்லாவின் வீட்டில் உட்காரவைத்துவிட்டார். போர்க்காலத்தில் அது அமெரிக்கப் படைவீரர்களின் செல்லச் சின்னமாகவே ஆகிவிட்டது. வீரர்கள் மார்லாவையும் விடவில்லை. குண்டுவீச்சு விமானங்களின் மூக்கில் மிஸ் ப்யூரியைத் தீட்டிக்கொண்டு பறந்தார்கள். பூனை மட்டுமா, மார்லாவே மில்ஸின் சாயல்தான். அவருடைய புகைப்படத்தைப் பார்த்தால் சிரித்துவிடுவீர்கள்: அதே புருவம், அதே நிமிர்வு. தன் முகத்தையும் தன் பூனையையும் கதைக்குள் வைத்துவிட்டு, தன் பெயரை மட்டும் வெளியே மறைத்துவைத்தார் இந்த அம்மாள்.

ஆமாம், பெயரை மறைத்தார். முழுப்பெயர் ஜூன் டார்பே மில்ஸ். ‘ஜூன்’ என்று போட்டால் பெண் என்று தெரிந்துவிடும், அதனால் வெட்டிவிட்டார். இப்படிப்பட்ட முரட்டு ஆட்களை உருவாக்கியது ஒரு பெண் என்று தெரிந்தால் பையன்கள் ஏமாந்துபோவார்கள் என்று ஒரு நியூயார்க் பத்திரிகையிடம் அவரே சொல்லியிருக்கிறார். ‘பிரெண்டா ஸ்டார்’ வரைந்த மெஸிக்கும் டாலியா என்ற பெயரை டேல் என்று சுருக்கிக்கொண்டவர்தான். பிக்ஷன் ஹவுஸ் கம்பெனியில் வரைந்த லில்லி ரெனேயின் கதை இன்னும் கூத்து. வியன்னாவிலிருந்து நாஜிகளிடம் தப்பி வந்த அந்த யூதப் பெண் ‘எல். ரெனே’ என்று கையெழுத்துப் போட, ரசிகர் கடிதங்கள் ‘மிஸ்டர் ரெனே’வுக்கு வந்து குவிந்தன.

மிஸ் ப்யூரிக்கு முன்னால் மில்ஸ் காமிக்ஸ் புத்தகங்களில் உழைத்திருக்கிறார். 1930களின் இறுதியிலும் 1940லும் ‘டேர்டெவில் பாரி பின்’, ‘பர்ப்பிள் ஸோம்பி’ என்று கைக்கு வந்ததையெல்லாம் வரைந்தார். இணையத்தில் அவற்றின் பழைய பக்கங்களைத் தேடிப் படித்தேன். ஊதா நிற ஸோம்பி பார்க்க வேடிக்கைதான், ஆனால் அங்கே இருப்பது பயிற்சி. வேகம் தெரியும், சீக்கிரம் முடித்துக் கொடுக்கும் அவசரமும் தெரியும். ஞாயிறு வண்ணப் பக்கம் கிடைத்த பிறகுதான் கை விரிகிறது. மில்டன் கனிப்பின் ‘டெர்ரி அண்ட் தி பைரேட்ஸ்’ போல அடர்த்தியான கறுப்பு நிழல், சினிமாக் கோணம். அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று தெரிகிறது. எடுத்துக்கொண்ட நிழலுக்குள் ஒரு அறையை முழுசாக வைத்தார். மேஜை, திரைச்சீலை, சென்ட் பாட்டில் வரைக்கும்.

தொடர் நன்றாக ஓடியது. உச்சத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட செய்தித்தாள்கள். பின்னாளில் மார்வெல் என்று ஆன டைம்லி கம்பெனி 1942 முதல் 1946 வரை ஞாயிறு பக்கங்களைத் தொகுத்து எட்டு இதழ்களாக வெளியிட்டது. பிறகு 1947ல் ஒரு ரகளை. எரா என்ற இரவு விடுதி நடனக்காரிக்கு மில்ஸ் போட்டுவிட்ட உடை ரொம்பச் சிக்கனம் என்று 37 செய்தித்தாள்கள் தொடரையே நிறுத்திவிட்டன. அந்தப் படத்தைப் பார்த்தேன். இன்றைக்கு நீச்சல் குளத்தில் இதைவிடக் குறைவாக நிற்கிறார்கள். மாட்டுத்தோல் சாட்டை, சூட்டுக்கோல், மூச்சைத் திணறடிக்கும் சண்டை எதற்கும் நிறுத்தாதவர்கள் நாலு முழம் துணிக்கு நிறுத்தினார்கள்!

குறை இல்லையா என்றால் இருக்கிறது. ஆப்பிரிக்க மந்திரவாதி, காட்டுவாசி என்று அக்கால அமெரிக்க வெள்ளைப் பார்வையின் மூட்டை அப்படியே வந்து இறங்குகிறது. சிறுத்தைத் தோலின் கதையே அந்த மூட்டையிலிருந்துதான். அந்தப் பக்கங்களை நான் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்புகிறேன். சில சமயம் கதை பின்னலும் அளவுக்கு மீறிப்போகும். யார் யாரைக் கடத்தினார்கள் என்று நாலு பக்கம் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும். பிறகு எரிகா கதவைத் திறந்துகொண்டு வருவாள், எல்லாம் மன்னிக்கப்படும்.

மில்ஸுக்கு உடல்நலம் ஒத்துழைக்கவில்லை. 1950களின் தொடக்கத்தோடு தொடர் நின்றது. அதன்பிறகு நீண்ட மௌனம். 1971ல் மார்வெலின் ‘அவர் லவ் ஸ்டோரி’ காதல் இதழில் ஒருமுறை தலைகாட்டினார். பழைய அல்பினோ ஜோவை வைத்து ஒரு கிராபிக் நாவல் தொடங்கினார், முடிக்கவில்லை. 1988 டிசம்பர் 12 அன்று காலமானார். காமிக்ஸ் உலகின் வில் ஐஸ்னர் ஹால் ஆப் பேமில் பெயர் ஏறியது 2019ல்.

இடையில் நாம் அவரை மறுபடி கையில் எடுக்க முடிந்ததற்குக் காரணம் ட்ரினா ராபின்ஸ். இந்த அம்மாவும் லேசுப்பட்டவரில்லை. 1970ல் பெண்கள் மட்டுமே வரைந்த முதல் காமிக்ஸ் புத்தகத்தைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், வொண்டர் வுமனை வரைந்த முதல் பெண்களில் ஒருவர், அதற்கும் மேலாகக் காணாமல்போன பெண் ஓவியர்களைத் தேடித் தேடி எழுதியவர். அவர் பதிப்பித்த இரண்டு மிஸ் ப்யூரி தொகுதிகளை ஐடிடபிள்யூ வெளியிட்டது. வேடிக்கை என்னவென்றால் 1944 முதல் 1949 வரையான பக்கங்கள் 2011லும், ஆரம்ப காலமான 1941 முதல் 1944 வரையானவை 2013லும் வந்தன. பாதியில் நுழைந்து முன்கதைக்குத் திரும்பிப் போனவள் நான். எரிகாவை முதலில் பார்த்தபோதே அவளுக்கு ஒரு பெரிய கடந்தகாலம் இருப்பது தெரிந்தது. அது என்னவென்று தெரியாமலேயே அவளை ரசித்தேன். அப்படியும் கதை பிடித்து இழுத்ததென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

2013ல் டைனமைட் என்ற கம்பெனி மிஸ் ப்யூரியைப் புதிதாகக் கிளப்பியது. அதையும் விடாமல் படித்தேன். அட்டைகளில் எப்போது பார்த்தாலும் சிறுத்தை உடுப்புதான். இறுக்கமாக, பளபளப்பாக, ஒரு தையல்கூடத் தெரியாமல். சித்தியிடம் அதைக் காட்டவில்லை.

மூல நூல் வாங்க நினைப்பவர்களுக்கு: என்னைப்போல் பாதியில் நுழைய வேண்டாம், 1941 தொகுதியிலிருந்தே தொடங்குங்கள். இரண்டுமே பெரிய அளவு, கெட்டி அட்டை. படுத்துக்கொண்டு படித்தால் மூக்கில் விழும். மேஜை வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும். ஒரு வாரப் பக்கத்தைக் கதைக்காக ஒருமுறை படியுங்கள், அப்புறம் எழுத்தையெல்லாம் விட்டுவிட்டு உடைகளுக்காக மட்டும் ஒருமுறை. தையல் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். பெர்ரி-பர் எந்தக் கட்டத்தில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று குழந்தைகளைத் தேடச் சொல்லலாம். கத்திரிக்கோலை மட்டும் அவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள். காகிதப் பொம்மைப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் போதும்.